ஏழாம் எண் பள்ளியின் மல்லாட்டை வண்டி

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த இரண்டாவது வாரம், கலைப்பிரியாவின் கணினித் திரையில் ஏழாம் எண் பள்ளி மட்டும் எதற்கும் அடங்காமல் நின்றது.

கலைப்பிரியா பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் மேலாளர். பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பருமனாவதை முன்கூட்டியே தடுக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. விழுப்புரத்தில் ஆறு பள்ளிகள், திண்டிவனத்தில் ஆறு பள்ளிகள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டவை, எல்லாவற்றிலும் ஐந்தாம் வகுப்பு. விழுப்புரத்துப் பள்ளிகளில் தினமும் ஏதாவது நடக்கும். விளையாட்டு நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளக் கூடாது, தண்ணீர் குடிக்கத் தனி மணி, மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம், வாசலில் பாக்கெட் தீனி விற்பவர்களோடு பேச்சுவார்த்தை. திண்டிவனத்துப் பள்ளிகளில் ஒன்றும் செய்யக் கூடாது. போய் அளந்துவிட்டு வந்துவிட வேண்டும். அவர்களுக்கு இதெல்லாம் அடுத்த வருஷம். செய்த ஊரையும் செய்யாத ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே திட்டத்தால் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஆறு மாத அளவுகள் வந்து சேர்ந்திருந்தன. விழுப்புரத்துப் பிள்ளைகள் பாக்கெட் தீனியைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். ஆறு நிமிட ஓட்டத்தில் முன்பைவிட அதிக தூரம் ஓடினார்கள். கலைப்பிரியா நாற்காலியில் சாய்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அப்புறம் திண்டிவனத்துக் கணக்கைத் திறந்தாள். ஐந்து பள்ளிகள் தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஏழாம் எண் பள்ளி மட்டும் விழுப்புரத்தையே முந்திக்கொண்டு ஓடியிருந்தது.

தட்டச்சில் பிழையாக இருக்கும் என்று தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிழை இல்லை. அதற்குப் பிறகு வந்த சந்தேகம் அவளுக்கே பிடிக்கவில்லை. அந்தப் பள்ளியை அளந்தவன் பூவரசன். மயிலத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எடை காட்டும் திரையைப் பிள்ளைகள் பார்க்காதபடி துணி போட்டு மூடும் யோசனையே அவனுடையதுதான். ஒரு பிள்ளையின் எடையை இன்னொரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கேலிதான் என்று அவன் சொன்னபோது, அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று கலைப்பிரியா வெட்கப்பட்டிருக்கிறாள். ஆனாலும் வெயிலில் அலைய அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தே தாளை நிரப்பிவிடுகிற ஆட்களை அவள் முந்தைய திட்டங்களில் பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டு, ஏழாம் எண் பள்ளிக்கு இன்றைக்கே போகப்போகிறோம், இருபது பிள்ளைகளைத் திரும்ப அளக்க வேண்டும், வேறு எடைக்கருவி எடுத்துக்கொள் என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. பூவரசன் முட்டாள் இல்லை. பேருந்து விக்கிரவாண்டி தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

"நான் வீட்லயே உக்காந்துக்கினு எழுதினேன்னு நெனைக்கிறீங்களா மேடம்?" என்றான் கடைசியில்.

கலைப்பிரியா பொய் சொல்லப் பிரியப்படவில்லை. "தெரியல பூவரசன். தெரிஞ்சிக்கத்தான் போறோம்."

அவன் தலையசைத்தான். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண்மணி இருவருக்கும் நடுவே பூக்கூடையை வைத்து உட்கார்ந்துகொண்டது கலைப்பிரியாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பள்ளியில் அவளே பிள்ளைகளை அளந்தாள். பூவரசன் தொடவே இல்லை, சுவரோரம் கைகட்டி நின்றான். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, அப்புறம் மைதானத்தில் ஆறு நிமிட ஓட்டம். இருபது பிள்ளைகளில் ஒன்றுகூடப் பழைய தாளோடு முரண்படவில்லை. மூன்று பேர் இன்னும் கூடுதலாகவே ஓடினார்கள். ஓடி முடித்த ரோஜா என்கிற சிறுமி, இடைவேளைக்கு மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள், மூச்சுகூட வாங்கவில்லை.

கலைப்பிரியா தாள்களை அடுக்கிவிட்டு அவனிடம் போனாள். தன் மேல்தான் தப்பு, முதலில் அவனிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னாள். அவன் பரவாயில்லை மேடம் என்றான், ஆனால் முகம் இன்னும் தெளியவில்லை.

அப்போது மணி அடித்தது. வகுப்பிலிருந்து பிள்ளைகள் வாசலை நோக்கிப் பறந்தார்கள். நடந்து போனதாக ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. என்ன விஷயம் என்று இருவரும் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள்.

வாசலுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி. அடுப்பில் பெரிய அலுமினியக் குண்டான், ஆவி பறக்க வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பக்கத்தில் சுண்டல், கீற்று போட்ட கொய்யா. தொங்குகிற பாக்கெட் ஒன்றுகூட இல்லை. முதலில் வந்த பத்துப் பேர் வாங்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் ஒரு நீளக் கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் பாஞ்சாலி என்று ரோஜா சொன்னாள்.

கலைப்பிரியா மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். எப்போதும் இதுதான் விற்கிறீர்களா என்று கேட்டதற்கு, பாஞ்சாலி இல்லை என்றாள். போன ஆடி மாசம்வரை பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும், குச்சி மிட்டாய், கலர் தண்ணி எல்லாம் உண்டு.

"எங்க அக்கா அம்மணி விழுப்புரத்துல ஸ்கூல் வாசல்ல வண்டி போட்டுக்கினு கீது. யாரோ ஒரு மேடம் மூணு வாரம் தினமும் வந்து நின்னுக்கினு ஒரே பேஜாரு பண்ணாங்களாம், மல்லாட்டை போடு மல்லாட்டை போடுன்னு. தொல்லை தாங்காம அக்கா போட்டுது. பாத்தா, பாக்கெட்ட விட ஜல்தியா தீர்ந்துபோவுது. எனக்குப் போன் பண்ணி, நீயும் போடுடின்னு சொல்லிச்சி."

பூவரசன் சட்டென்று திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. காலையிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல்முறை.

கலைப்பிரியாவுக்குக் காது சூடாகியது. கயிறு எதற்கு, உடற்பயிற்சிக்கா என்று கேட்டாள். பாஞ்சாலி அவளை விநோதமாகப் பார்த்தாள். மல்லாட்டை வேக நேரமாகிறது, அதுவரை பிள்ளைகள் வண்டியைப் பிடித்து உலுக்கி அடித்துக்கொள்கிறார்கள், சும்மா இருக்கட்டும் என்று கிணற்றுக் கயிற்றைக் கொடுத்தேன் என்றாள். முதல் ஈடு பத்துப் பேருக்குத்தான் வரும், அதனால்தான் இந்த ஓட்டம் என்றும் சொன்னாள்.

ஆக, ஆறு பேர் கொண்ட குழு ஆறு மாதம் திட்டம் போட்டுச் செய்ததை, இந்த ஒரு பெண் அடிதடியை நிறுத்துவதற்காகச் செய்து முடித்திருந்தாள். ஒன்றும் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பள்ளி இனி இது இல்லை.

"அந்தப் பேஜாரு பண்ண மேடம் நான்தாங்க" என்றாள் கலைப்பிரியா.

பாஞ்சாலி கரண்டி நிறைய மல்லாட்டையை அள்ளிக் காகிதத்தில் போட்டு அவள் கையில் திணித்து, உடனே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

திரும்பும் வழியில் கவலை வந்து உட்கார்ந்தது. பேராசிரியர் காந்திமதிதான் திட்டத்தின் தலைவர். இரண்டு வருஷம் பாடுபட்டு வாங்கிய திட்டம். கலைப்பிரியா பேருந்து நிலையத்திலிருந்தே அவருக்குப் போன் செய்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பூவரசனைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்தே சொன்னாள்.

"அந்தம்மா பேரை எழுதிக்கிட்டியா?" என்றார் காந்திமதி. "எந்தத் தேதியில மாத்தினாங்கன்னும் கேட்டு எழுது. நமக்குக் கிடைச்சதுலயே நல்ல செய்தி இதுதான்னு எனக்குத் தோணுது. கமிட்டிக்கு அப்படித் தோணுமான்னு தெரியாது."

கமிட்டிக்குத் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆலோசனைக் குழு கூடியபோது, புள்ளியியல் பார்க்கும் உறுப்பினர் ஒருவர், கடைசி அளவு எடுக்கும் ஏப்ரல் வரைக்கும் அந்தப் பெண்ணைப் பழையபடி பாக்கெட் விற்கச் சொல்ல முடியாதா என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கவலை எண்களைப் பற்றியது. கலைப்பிரியா கூட்டங்களில் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"சார், அந்தப் பிள்ளைங்க கையிலேர்ந்து மல்லாட்டையப் பிடுங்கி, பாக்கெட்டக் குடுன்னு போய்ச் சொல்ற ஆள் நான் இல்ல. வேற யாரையாவது அனுப்புங்க."

யாரும் போக முன்வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த உறுப்பினரே வேறு வழி சொன்னார். ஏழாம் எண் பள்ளியை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதுவது. அதற்குப் பதிலாக ஓமந்தூர்ப் பக்கம் புதுப் பள்ளி ஒன்றைச் சேர்த்து அளவெடுப்பது. நல்ல பழக்கம் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு எப்படிப் போகிறது என்பதையும் தனியாக ஆராய்வது. அந்தத் தனி ஆராய்ச்சிக்கு யார் பொறுப்பு என்று காந்திமதி கேட்டபோது, கலைப்பிரியா யோசிக்கவே இல்லை, பூவரசன் பெயரைச் சொன்னாள்.

செய்தியைச் சொன்னபோது அவன் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். அப்புறம், நிறைய மல்லாட்டை தின்ன வேண்டியிருக்குமே மேடம் என்றான்.

புதுப் பள்ளிக்கு அனுமதி வாங்க ஒன்பது நாள் ஆனது. முதல் நாள் போனதும், எடைக்கருவியைப் பிரிப்பதற்கு முன்னால் பூவரசன் வாசலில் கடை போட்டிருந்த மூன்று பேரிடமும் போய், விழுப்புரத்தில் சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று விசாரித்து எழுதிக்கொண்டான். ஒருவருக்கும் இல்லை. ஒருவர் மட்டும், ஏன், பொண்ணு பாக்கறீங்களா என்று கேட்டார்.

அன்று எண்பத்து மூன்று பிள்ளைகளை அளந்தார்கள். கடைசியாக வந்தவன் காலில் சேற்றோடு எடைக்கருவியில் ஏறிவிட்டு, சேற்றோட எடையைக் கழிச்சிடுங்க மிஸ் என்றான். கலைப்பிரியா அவனை இறக்கி, காலைக் கழுவவைத்துத் திரும்ப நிற்கச் சொன்னாள். பூவரசன் துணியை லேசாகத் தூக்கி எண்ணைப் படித்து, தாளில் எழுதி, யாரும் பார்க்காதபடி கவிழ்த்து வைத்தான்.