ஆறு பேருக்கு ஒரு வலி

நெய்வேலிச் சுரங்கத்தில் கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கரி வாரும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் இடுப்புவலிதான் இருந்தது. பெல்ட்டிலிருந்து சிந்தும் ஈரக்கரியைக் குனிந்தபடியே அள்ளி மேலே வீசுகிற வேலை. ஆளுக்கொரு வலி என்றால் கட்டுப்படியாகாது. அதனால் ஷிப்டு முடிந்ததும் மறுநாள் முறைக்காரர், வலி வைத்திருப்பவரின் இடுப்பில் உள்ளங்கையை வைப்பார். வலி கைமாறிவிடும். வைத்திருப்பவரால் தள்ளிவிட முடியாது. வாங்குகிறவர்தான் தொட வேண்டும். வலிக்காரர் ஓரமாக உட்கார்ந்திருக்க, மற்ற ஐவரும் அவர் பங்கையும் வாரினார்கள். வருடக்கணக்கில் யாரும் முறை தவறியதில்லை.

பெர்மனென்ட் ஆக்குவதற்கு மெடிக்கல் டெஸ்ட் வந்தது. ஐந்து பேருக்குத் திங்கட்கிழமை, வடக்குத்து ஊர்க்காரர் பாக்கியசாமிக்கு மட்டும் வியாழக்கிழமை. "நாங்க நேரா நின்னுட்டு வந்துடறோம்ணே. அதுவரைக்கும் நீங்க வச்சிகினு இருங்க, சாயங்காலமே நான் வாங்கிக்கிறேன்" என்றான் விஜயராஜ். ஐந்து பேரும் தேறினார்கள். சாயங்காலம் ஒருவரும் வரவில்லை. மறுநாள் பாக்கியசாமி சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு விஜயராஜ் வீட்டுக்குப் போனார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினான்.

"ஆர்டர் கைக்கு வரட்டும்ணே. நடுவுல திரும்பக் கூப்ட்டுப் பாத்தான்னா?"

"கைய முன்னாடி காட்டுடா."

"கேசரி ஆறுதுண்ணே, சாப்டுங்க."

வியாழக்கிழமை காலை, செருப்பு மாட்டக் குனிய முடியாமல் நின்றவரைப் பார்த்து மனைவி மார்த்தாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். "இப்டிப் போயி நின்னா டாக்டரு மாலை போட்டுக் கூப்புடுவாரா? திரும்புங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்று இடுப்பில் கை வைத்தாள். அவர் நிமிர்ந்தார். பஸ்ஸை ஓடிப் பிடித்தார். தேறினார்.

சாயங்காலம் லட்டு வாங்கி வந்தவர், பெட்டியை அவளிடம் நீட்டும்போது விரல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டார். ஆர்டர் வரட்டும் என்றார். ஆர்டர் வந்தது. குவார்ட்டர்ஸ் வந்தது, முருங்கை மரத்தோடு. மாதாமாதம் மறக்காமல் வடலூரிலிருந்து தைலம் வாங்கி வந்து மேஜை மேல் வைக்கிறார். எட்டுகிற இடத்தில் மார்த்தாளே தேய்த்துக்கொள்கிறாள். காலேஜிலிருந்து வந்த மகள் நான்சி, "குடும்மா, நான் தேய்க்கறேன்" என்று கையை நீட்டினால், மார்த்தாள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நீ போயிப் படி" என்கிறாள்.