நூற்றுக்கு நாற்பது

என் வீட்டுக்காரர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டார். அதில் அவர் காது மட்டும் போயிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். என் மகளின் வாழ்க்கையும் சேர்ந்து போயிற்று. அதனால்தான் இன்றைக்கு வரை எனக்கு ஆறவில்லை.

அவர் பேர் ராசாங்கம். மைக் செட் ராசாங்கம் என்று சொன்னால்தான் பெரம்பலூரில் ஆள் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். வாசலை ஒட்டிய அறையில் ஆம்ப்ளிபயரும் ரிக்கார்டுப் பெட்டியும் ஒயர்ச் சுருளும் கிடக்கும். மூலையில் குழாய் ஸ்பீக்கர்கள் வாயை அகலத் திறந்துகொண்டு நிற்கும். கூட்டிப் பெருக்க இடம் இருக்காது. 'இதையெல்லாம் தூக்கிக் கெணத்துல போடுறேனா இல்லையா பாரு' என்று நான் கத்தாத நாளில்லை. எனக்கு இயற்கையிலேயே பெரிய தொண்டை.

வாலிகண்டபுரம் திருவிழா ஒன்றில் மேலத்தெருக்காரர்கள் எங்கள் செட்டைப் பிடித்தார்கள், கீழத்தெருக்காரர்கள் செல்லப்பன் செட்டைப் பிடித்தார்கள். செல்லப்பன் இவருக்குத் தொழிலில் ஜென்மப் பகை. முதல் நாள் இரண்டு பேரும் ஆளுக்கு நாலு குழாய் கட்டினார்கள். மறுநாள் இவர் அரியலூருக்குப் போய் இன்னும் நாலு குழாயும் இன்னொரு ஆம்ப்ளிபயரும் வாங்கி வந்து, வேப்பமரத்தில் எட்டையும் கட்டினார். ஊர் இரண்டாகப் பிளந்துவிடப் போகிறது என்று நானும் பார்க்கப் போயிருந்தேன். ரிக்கார்டு ஓடியது. கூட்டத்தில் நின்ற ஒருத்தர், 'என்னா ராசாங்கம், நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்கே' என்றார். கொஞ்சமாம்! அன்றைக்கு இந்த மனுசன் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவரே குழாயைக் கூட்டியும் குறைத்தும், குமிழைத் திருகியும் ரொம்ப நாள் பார்த்தார். ஒரு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: 'சம்பூர்ணம், காது ஒரு கருமி. ரெண்டு மடங்கு குடுத்தா, என்னமோ ஏறுன மாதிரி இருக்குன்னு சொல்லும். பத்து மடங்கு குடுத்தாத்தான் ரெண்டு மடங்குன்னு ஒத்துக்கும்.'

எனக்கு அது புரிந்தது. தலையில் தண்ணீர்க் குடம் இருக்கும்போது யாராவது ஒரு சொம்பு கூட ஊற்றினால் தெரிவதில்லை. வெறுங்கையில் அதே சொம்பைப் பிடித்தால் கனக்கிறது. அந்த மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'புரிஞ்சுதுல்ல, அப்புறம் எதுக்கு எட்டுக் குழாய்க்கு அடியில போயி உக்காந்திருக்கே?' என்று கேட்டேன். கேட்பாரா? ஆம்ப்ளிபயர் சூடாகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எந்த ஊருக்குப் போனாலும் மரத்தடியில், குழாய்க்கு நேர் கீழேதான் உட்காருவார்.

மலர்க்கொடி எங்களுக்கு ஒரே பிள்ளை. என் வயிற்றில் பிறந்ததா என்று எல்லாரும் கேட்பார்கள், அவ்வளவு மெல்லப் பேசுவாள். எதுவானாலும் அப்பாவிடம்தான் சொல்வாள். என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்பாள். அவள் பத்தாவது முடித்து வீட்டில் இருந்த சமயத்தில்தான், 'அப்பாவுக்கு நான் பேசுறது சரியா கேக்க மாட்டேங்குதும்மா' என்றாள். நான் நம்பவில்லை. நான் பேசுவது கேட்கிறதே! அவள் விடாமல் நச்சரித்ததால் திருச்சிக்கு பஸ் ஏறினோம்.

காது டாக்டர் அவரை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். அப்புறம் கட்டம் போட்ட ஒரு தாளில் புள்ளி வைத்தார். வெளியே ஏகப்பட்ட கூட்டம். 'நாப்பதுல இருக்குங்க. மெல்லப் பேசுனா கேக்காது. காது மிஷின் ஒண்ணு வாங்கிப் போடுங்க. குழாய் பக்கம் போகாதீங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் பத்து, இருபது என்று நூறுக்கு மேலே வரை போட்டிருந்தது. வெளியே வந்ததும் அவர் முகத்தில் ஒரே சிரிப்பு. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முப்பத்திரண்டு வாங்கி, மூன்று மார்க்கில் கோட்டை விட்டவர் அவர். முப்பத்தைந்து பாஸ், அறுபது ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பது அவர் எலும்பில் ஊறிய விஷயம்.

'நூத்துக்கு நாப்பதுதான் போயிருக்கு. இன்னும் அறுவது இருக்கு. ஃபர்ஸ்ட் கிளாஸ்டி!' என்றார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். வீட்டுக்கு வந்து மலர்க்கொடியிடமும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றே சொன்னார், அவளும் நம்பிவிட்டாள்.

மிஷின் வேண்டாம் என்றுவிட்டார். மைக் செட்டுக்காரன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனால் செல்லப்பன் தெருத் தெருவாகச் சொல்லிச் சிரிப்பான் என்றார். பழையபடி குழாய்க்கு அடியில்தான் உட்கார்ந்தார்.

எண்பதாம் வருசம் வைகாசியில் மலர்க்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலசுந்தரம், ஜெயங்கொண்டம் பக்கம். நிலம் நீச்சு உண்டு. ஆள் வாட்டசாட்டமாக இருந்தார், மரியாதையாகப் பேசினார். வேறென்ன பார்ப்பார்கள்? நாங்களும் அதைத்தான் பார்த்தோம்.

ஆடிக்கு அழைத்து வந்தோம். பெண் பாதியாக இளைத்திருந்தாள். 'என்னாடி எலும்பும் தோலுமா வந்து நிக்குறே, சோறு போடுறாங்களா இல்லையா?' என்று வாசலிலேயே கேட்டேன். எதிர் வீட்டுக்காரி தலையை நீட்டிப் பார்த்தாள். 'அதெல்லாம் போடுறாங்கம்மா' என்று மலர்க்கொடி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் அவர் அந்த அறையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். மலர்க்கொடி போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒயர் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் நடுநடுவே தலையை ஆட்டினார். கடைசியில் அவள் தலையைத் தடவிக் கொடுத்து, 'சரிம்மா, பாத்துக்கலாம்' என்றார். அது மட்டும் எனக்குக் கேட்டது.

அவள் எழுந்து வந்து முகம் கழுவினாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அப்பனும் மகளும் என்னவோ ரகசியம் பேசிக்கொள்கிறார்கள், நமக்கென்ன என்று நான் விட்டுவிட்டேன்.

ஆடி முடிந்து மாப்பிள்ளை அழைத்துப்போக வந்தார். இவர் சும்மா இருப்பாரா? வாசலில் குழாயைக் கட்டி, தெரு முனைக்கே கேட்கிற மாதிரி ரிக்கார்டு போட்டு, மாப்பிள்ளை கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். கறிச்சோறு, புது வேட்டி, எல்லாம் தடபுடல். மலர்க்கொடி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். 'போயிட்டு வரேன்' என்று என்னிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்துபோயிற்று. தீபாவளிக்கு வந்தால் மறுநாளே கிளம்புவாள். அப்பாவிடம் கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். 'புள்ளைக்குப் புருசன் வூடு புடிச்சுப் போச்சு' என்று அவர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு, அவள் போன பஸ் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

எண்பத்துநாலில் அவருக்கு நான் கத்துவதே சரியாகக் கேட்காமல் போக ஆரம்பித்தது. மறுபடியும் திருச்சி. அதே டாக்டர், அதே கட்டம் போட்ட தாள். புள்ளி அறுபதில் இருந்தது.

'இருவது கொறஞ்சிருக்கு. பரவால்ல, நூத்துக்கு நாப்பது இருக்குல்ல. பாஸ்தான்' என்று இவர் என்னிடம் சொன்னது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

'இது பரீட்சை மார்க் இல்லீங்க' என்று குரலை உயர்த்திச் சொன்னார். 'பூஜ்யம்னா நல்ல காது. அந்தக் காதுக்குக் கேக்குற கடுகளவு சத்தத்தப் பத்து மடங்கு ஆக்குனா, அது பத்து. அதை இன்னொரு பத்து மடங்கு ஆக்குனா இருவது. அப்படியே பெருக்கிகிட்டே போகணும். நாப்பதுன்னா பத்தாயிரம் மடங்கு. அன்னிக்கே உங்களுக்கு அவ்வளவு வேண்டியிருந்துச்சு. இன்னிக்குப் பத்து லட்சம் மடங்கு வேணும்.'

'அப்ப நான் பேசுறது எப்படிங்க கேட்டுச்சு?' என்றேன்.

'உங்க பேச்சு அந்த அளவுக்கு மேல இருக்கும்மா. பெரிய சத்தம் வழக்கம்போலக் கேக்கும். மெல்லப் பேசுறதுதான் மொதல்ல போகும்.'

ஊருக்கு வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'எனக்குத் தெரிஞ்ச கணக்குதான், சம்பூர்ணம். கொழாய்க்குப் போட்டேன், என் காதுக்குப் போடலையே' என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நேரத்தில் என்ன திட்டுவது? மிஷின் வாங்கினோம். சட்டைப் பையில் ஒரு டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். செல்லப்பன் ஒன்றும் சிரிக்கவில்லை. வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வருசம் மலர்க்கொடி தன் மூன்றாவது பிள்ளைக்குக் காதுகுத்து என்று சொல்ல, அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். ரவிக்கைக் கை ஏறியபோது தோள்பட்டைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தேன். முதுகிலும் இருந்தது.

'அடிப் பாவி, இதென்னடி?'

'கத்தாதம்மா. பழசு.'

'எத்தனை நாளா நடக்குது?'

'கல்யாணமான மாசத்துலேருந்து. மொத அடிதாம்மா பெருசா இருந்துச்சு. வானமே இடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. இப்பல்லாம் ரொம்ப அடிச்சாத்தான் அடிச்ச மாதிரியே இருக்கு.' வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

'ஏண்டி, வாயில என்னா கொழுக்கட்டையா? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை அனுப்பியிருப்பேனா?'

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'சொன்னேனேம்மா. மொத ஆடிக்கு வந்தப்ப அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அடிக்கிறாரு, நான் போகமாட்டேன், இங்கேயே இருந்துடுறேன்னு அழுதேன். அப்பா தலைய ஆட்டிக் கேட்டுகிட்டாங்க. பாத்துக்கலாம்னு சொன்னாங்க. அப்புறம் அவங்களே ரிக்கார்டு போட்டு அந்த ஆள வரவேத்தாங்க. அப்பாவே போன்னு சொன்னதுக்கப்புறம் நான் வேற யாருகிட்டம்மா போயிச் சொல்றது?'

கிணற்றடியிலிருந்து நான் பார்த்தது அதைத்தானா! மெல்ல, 'அவருக்குக் கேக்கலடி' என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

'நீ இனிமே போக வேண்டாம். இங்கேயே இரு. எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்' என்றேன்.

'மூத்தவன் இப்பத்தான் பால்வாடிக்குப் போறான். அவனையும் நடுவுள்ளவளையும் அந்த ஆளுகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். இப்ப எப்படிம்மா?' என்றாள்.

அப்போதுதான் அவர் வாசலிலிருந்து கூப்பிட்டார். 'மலரு, இங்க வாம்மா. செத்த இப்படி உக்காரு.' டப்பாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 'உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுகிட்டே இருக்கேன். மொத ஆடிக்கு வந்தப்ப பக்கத்துல உக்காந்து என்னமோ நெடுநேரம் சொன்னியே, எனக்கு ஒண்ணும் புடிபடலம்மா. திரும்பச் சொல்லுன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. மைக் செட்டுக்காரனுக்குக் காது செவிடுன்னு பெத்த புள்ளையும் நெனச்சுரக் கூடாதேன்னு சும்மா தலைய ஆட்டிட்டேன். இப்பச் சொல்லும்மா. இப்பக் கேக்கும்.'

மலர்க்கொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருசமாக அந்த மனுசன் முகத்தை நேராகப் பார்க்காமல் வந்து போயிருக்கிறாள். நான் அடுப்படியை விட்டு வந்து, சொல்லிவிடத்தான் போனேன். அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'மாடு கன்னு போட்டதச் சொன்னேன்ப்பா.'

'சத்தமாச் சொல்லு.'

'மாடு கன்னு போட்டுச்சுப்பா! அதைத்தான் சொன்னேன்.'

'அவ்வளவுதானா? என்னா கன்னு?'

'கெடேரி.'

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருசப் பாரம் இறங்கின மாதிரி சிரித்தார். 'அதுக்கா அன்னிக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு உக்காந்திருந்தே? நான் பயந்தே போயிட்டேன் போ.'

'ஆமாம்ப்பா, அதுக்குத்தான்' என்றாள் மலர்க்கொடி, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி. சாயங்கால பஸ்ஸுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவர்தான் போய் ஏற்றிவிட்டு வந்தார்.