இருநூற்று எண்பத்தாறாவது மரம்

மயிலம்மாள் அந்த மாதத்தில் மூன்றாவது முறையாகச் சோற்றைத் தீய விட்டபோது, அந்த வாடை புக்கிட் பெலண்டோக்கிலிருந்து கிளம்பி லுக்குட் வரை போய், அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியது. பக்கத்து வீட்டார் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் மிகைதான். பாதி வழியில் திரும்பியிருக்கும். ஆனால் சட்டி இனி சட்டி என்ற பெயருக்கு உரிமை கொண்டாட முடியாது என்பது மட்டும் உண்மை.

அன்றைக்குப் பார்த்து மகன் மகேந்திரன் சிரம்பானிலிருந்து வந்து சேர்ந்தான். கூடமெல்லாம் புகை. புகைக்கு நடுவே அறுபத்தெட்டு வயது அம்மா கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவியபடி, மெல்ல நடந்துகொண்டிருந்தாள். "இருநூத்தி எண்பத்தி நாலு, புத்துக்குப் பக்கத்துல இடது பக்கம் ஒதுங்கணும்... இருநூத்தி எண்பத்தஞ்சு..." என்று முணுமுணுத்தவள், அடுத்த எண்ணைச் சொல்லாமல் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு. மகேந்திரன் மூன்று தடவை கூப்பிட்டும் அந்தச் சிரிப்பு கலையவில்லை. மூளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான்.

அம்மாவின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது படித்துக்கொண்டிருந்தது.

கணவர் சன்னாசி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அவருடைய மோட்டார் சைக்கிள் பின்கட்டில் கித்தானைப் போர்த்திக்கொண்டு நின்றது. முப்பது வருடம் அதை லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியவர் அவர். போலீஸ்காரரின் தொப்பி ஒரு மைலுக்கு அப்பால் தெரிந்தாலே வண்டி தானாகத் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் திரும்பிவிடும். பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் பார்த்தவளுக்கு இப்போது கடைக்குப் போகவும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. அதனால் ஒரு நாள் லுக்குட்டில் இருக்கும் வாகனப் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்து, மோட்டார் லைசன்ஸுக்குப் பெயர் கொடுத்தாள்.

அங்கே பதிவு எழுதும் ஹசீனா பேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இந்த வயசுல லைசன்ஸ் எடுத்து எங்கக்கா போகப் போறீங்க?"

"பாசாருக்கு. ஆறு வருசமா அடுத்தவங்க வாங்கித் தர்ற மீனோட மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்குப் புடிச்ச மீன நான் பாத்து வாங்கணும்."

ஹசீனா சிரித்துக்கொண்டே ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். சாலை விதிகள், ஐந்நூறு கேள்விகள். அதிலிருந்து ஐம்பது கேள்வி கணினியில் வரும், தமிழிலேயே வரும், முக்கால் மணி நேரம், நாற்பத்திரண்டு சரியாக இருக்க வேண்டும்.

ஐந்நூறு என்ற எண்ணைக் கேட்டதும் மயிலம்மாளுக்குப் பயம் போய்விட்டது. இருபத்தாறு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். அவளுக்கென்று பிரித்துக் கொடுத்த நிரையில் மிகச் சரியாக ஐந்நூறு மரங்கள். தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் ஒரு மரம்கூடக் குறையாமல் வந்து நிற்கும். எது கோணல், எதில் எறும்பு, எது பத்துச் சொட்டுப் பாலுக்குப் பத்து நாள் அழவைக்கும் என்று எல்லாம் தெரியும். ஆகவே மரத்துக்கு ஒரு கேள்வியாக, பால் பிடிக்கும் மங்கு கட்டுவதுபோல, ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனாள். குளவிக் கூட்டு மரத்தில் அபாயப் பலகை. இரட்டைத் தண்டு மரத்தில் இரட்டைக் கோடு. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஒளிந்திருந்து வேவு பார்த்த மரத்தில் வேகத்தைப் படம் பிடிக்கும் கேமரா. பொருந்தாத கேள்விகளும் இருந்தன. அவற்றைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

சிக்கல் இருநூற்று எண்பத்தாறில் வந்தது.

அந்த மரம் வாய்க்கால் ஓரம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சன்னாசியின் நிரை. தினமும் அந்த மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து, போத்தலில் கொண்டுவந்த கோப்பியை அவளுக்குப் பாதி வைத்திருப்பார். அந்த மரத்தைக் காலியாக விடத்தான் அவள் நினைத்தாள். ஆனால் புத்தகத்தில் பார்த்தால், இருநூற்று எண்பத்தாறாவது கேள்வி: நெடுந்தூரப் பயணத்தில் களைப்பாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? விடை: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று கோழிகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எப்போது படித்தாலும் அந்த மரத்தடிக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். அவரும் பேசுவார். ஆனால் உயிரோடிருந்தபோது பேசியதையேதான் பேசுவார். கோப்பியில் சீனி கம்மி, கணக்கெழுதுற கிராணிக்கு மூக்கு பெருசு, நீ நேத்திக்கு ஏன் பேசல. ஆறு வருடமாகப் புதிதாக ஒரு வார்த்தை இல்லை. பழையதே போதும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அடுப்பில் சோறு தீயும்.

இதில் மரத்தடிச் சமாசாரத்தை விட்டுவிட்டு மற்றதை மகனிடம் சொன்னாள். மகேந்திரன் நம்பவில்லை. தன் வீட்டோடு வந்து இருக்கும்படி மறுபடியும் கேட்டான். அவன் இருப்பது பன்னிரண்டாவது மாடி. அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்தான் தெரியும். எண்ணிப் பார்ப்பதற்கு லிஃப்ட் பொத்தான்களைத் தவிர வேறொன்றும் கிடையாது.

"பாஸ் பண்ணலன்னா, துணிமணிய எடுத்துக்கிட்டு எங்கூட வந்துரணும்மா. சாக்குப்போக்குச் சொல்லக்கூடாது."

"பண்ணிட்டா?"

"அப்புறம் உங்க இஷ்டம் லா. நான் வாயே தொறக்க மாட்டேன்."

சோதனை நாளன்று கணினி அறையில் இருபது இளவட்டங்கள். மயிலம்மாளைப் பார்த்து, யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டுக் கண்ணை மூடினாள். கேள்விகள் கலைந்து கலைந்து வந்தன. நாலாவது மரத்திலிருந்து நானூறாவதுக்கு, அங்கிருந்து தொண்ணூறுக்கு. அவள் கால்கள் பறந்தன. மான் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு வேறு காட்டுக்குப் போயிருக்கும். முதல் முப்பது கேள்விகள் பாதி நேரத்துக்குள் முடிந்தன.

முப்பத்தோராவதாக அது வந்தது. நெடுந்தூரப் பயணத்தில் களைப்பாக இருந்தால்.

விடையை அழுத்தினாள். அழுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

சன்னாசி வாய்க்காலோரம் காலை நீட்டியிருந்தார். கோப்பியில் சீனி கம்மி என்றார். கிராணியின் மூக்கைப் பற்றிச் சொன்னார். மயிலம்மாள் ஒன்று கேட்டாள், இத்தனை நாளும் கேட்காததை. நான் பன்னிரண்டாவது மாடிக்குப் போய்விட்டால் நீங்கள் அங்கே வருவீர்களா? அந்தக் கேள்வியை அவர் உயிரோடிருந்தபோது யாரும் கேட்டதில்லையே. போத்தலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் காத்திருந்தாள். திரையின் மூலையில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன.

அப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் முதல் சடசடப்பு விழுந்ததும் சன்னாசி வானத்தை நிமிர்ந்து பார்த்தார். மழை இறங்கினால் மங்கில் இருக்கும் பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்து போகும். அதற்குமுன் ஓடி ஓடிச் சேர்த்தால்தான் அன்றைய பாடு நிலைக்கும். அந்த நேரத்தில் அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"மழ வருது மயிலு. என்னப் பாக்காத. ஓடு."

கண்ணைத் திறந்தாள். ஏழு நிமிடம், பத்தொன்பது கேள்வி.

ஓடினாள். மரம் மரமாக, மங்கு மங்காக, யோசிக்க நிற்காமல், வாளியில் ஊற்றிக்கொண்டே ஓடினாள். சிலது சிந்தியது. முந்நூற்றுப் பன்னிரண்டில் வழுக்கியது. கடைசிக் கேள்வியைத் தொட்டபோது திரையில் பதினோரு விநாடி மிச்சம் இருந்தது.

நாற்பத்து நான்கு.

மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றிருந்த மகேந்திரன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவன் திறந்துதான் நின்றான். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் கண் அவனைத் தாண்டி மழைக்குள் எதையோ தேடியது. அந்தக் காலத்தில் மழையில் ஓடி முடித்து, பால் நிறுக்கும் இடத்துக்கு வாளியோடு வந்தால், அவளுக்கு முன்பே நனைந்துபோய் நிற்பார் சன்னாசி. ஏன் இவ்வளவு நேரம் என்று நக்கலடிப்பார். இங்கே இளவட்டங்கள்தான் நின்றார்கள்.

இனி ஓட்டிக் காட்டும் சோதனை ஒன்றுதான் பாக்கி என்றாள் ஹசீனா. அதைப் பற்றி மயிலம்மாளுக்குக் கவலையில்லை. முப்பது வருடம் பின்னால் உட்கார்ந்தே பாதி வண்டியை ஓட்டியவள் அவள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆங்கிலம் பழகும் புத்தகம் ஒன்று வாங்கினாள். பேத்தி மோகனா தொலைபேசியில் பேசுவதில் பாதி புரிவதில்லை, புரியாத பாதியில்தான் விஷயம் இருக்கிறது என்று அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

"இதுல ஆயிரம் வார்த்த போட்டிருக்கும்மா," என்றான் மகேந்திரன். "எங்க வைப்பீங்க?"

அவளுடைய ஐந்நூறு மரங்களும் நிரம்பிவிட்டன. வீட்டுக்கு வந்து, உலையில் அரிசியைப் போட்டு, இந்தத் தடவை மகனைக் கையில் கரண்டியோடு அடுப்புக்குக் காவலாக நிறுத்திவிட்டு, கண்ணை மூடினாள். இருநூற்று எண்பத்தாறில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் உட்காரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் காலை வைத்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. அவரவர் வெட்டு அவரவருக்கு. அங்கே மரமெல்லாம் காலிதான், ஆனால் எந்த மரம் கோணல், எதில் குளவி என்று ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால், அவர் இதுவரை அவளிடம் சொல்லாத எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. அக்கரையில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க மொத மரம் எது?"