நீல அடுப்பின் இரண்டாம் பக்கம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிஞ்சியிருக்கும் என் ஏழு பற்களும் இன்றே விழட்டும்.

'நீல அடுப்பு' என்ற எங்கள் ராக் இசைக்குழு ஒரே ஒரு இசைத்தட்டுதான் போட்டது. 1973, ஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரை. நான் ஆர்கன், எக்கார்ட் டிரம்ஸ், கிட்டாரும் பாட்டும் ஃபோல்க்மார். அவன் அப்பா இறைச்சிக்கடைக்காரர். ஈஸ்டருக்குள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு தட்டைக் கொண்டுவா, இல்லையென்றால் சாசேஜ் அடைக்க வந்துவிடு என்று சொல்லியிருந்தார். கடை ஏப்ரனில் அவன் பெயரைத் தைத்தும் வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் எக்கார்டின் மாடியறையில் பதிவு. இரவல் ஒலிப்பதிவு இயந்திரத்தை மதியம் மூன்று மணிக்குத் திருப்பித் தரவேண்டும். முதல் பக்கம் முடிந்து, இருபது நிமிட நாடா மிச்சமிருந்தது. 'சட்டங்களையெல்லாம் கொளுத்துவோம்' என்று ஃபோல்க்மார் தொண்டை கிழிய ஆரம்பித்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு குவாஸ்ட் அம்மாள்.

"மணி ஒண்ணு," என்றார்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை எங்கள் ஊரில் ஆணிகூட அடிக்கக் கூடாது.

"ஒரே ஒரு பாட்டும்மா," என்றான் ஃபோல்க்மார்.

"மூணு மணிக்கு மேல எதை வேணா கொளுத்துங்க தம்பி."

அவர் இறங்கிப் போனதும் ஃபோல்க்மார் எங்களைப் பார்த்தான். "மெதுவா வாசிப்போம்டா. என் பொழப்புடா இது."

எக்கார்ட் குச்சிகளைக் கீழே வைத்தான். "ஓய்வு நேரம்டா. நாம என்ன காட்டுமிராண்டிங்களா?"

இயந்திரத்தை நிறுத்தலாமென்றால் அதன் விசை டப்பென்று சத்தம் போடும். ஓடவிட்டோம். மூவரும் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். எக்கார்டின் வயிறு இரண்டு முறை உறுமியது. ஃபோல்க்மார் அழுதான், சத்தமில்லாமல்தான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

நாடாவில் இருந்ததை இருந்தபடியே தட்டாக்கிவிட்டார்கள். கடைகளில் ஒருவரும் சீந்தவில்லை. ஈஸ்டர் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அப்பா கேட்க உட்கார்ந்தார். முதல் பக்கம் முழுக்க முகத்தைப் பல்வலிக்காரர்போல வைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் மெல்லக் காலை நீட்டினார். கண்ணை மூடினார். வயிறு உறுமிய இடத்தில் தலையைக்கூட ஆட்டினார். தட்டு நின்றதும் கண்ணைத் திறந்தார்.

"இதை யாருடா வாசிச்சது?"

"நாங்கதாம்பா."

"இவ்வளவு தெரிஞ்சவன் முதல் பக்கத்துல ஏண்டா அப்படிக் கத்தினே?"

எழுந்துபோய் ஏப்ரனை எடுத்து மடியில் விரித்து, கத்தரி முனையால் மகன் பெயரை ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டு முழுவதும் நான் ஐஸ்லாந்துப் பக்கம் ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாக இருந்தேன்; பற்கள் ஏழும் இன்னும் விழவில்லை.