டாக்னி பேசி முடிக்கட்டும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது அரை நிமிடம்தான். வெளிநாட்டில் ஒரு வருடம் படிக்கப் போகிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க, டென்மார்க்கில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு முகாம் போட்டிருந்தார்கள். சமையலுக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு போகிறபோது, திறந்திருந்த கதவு வழியாக, ஒரு பெண் மேசைமேல் கிடந்த காகிதத்தைத் தள்ளிவிடுவதைப் பார்த்தேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

தொடக்கத்தை எத்தனை தடவை எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

"கடலிலிருந்து மூடுபனி மெல்ல..." (வேண்டாம். பனியைப் பார்க்கவா வந்தீர்கள்?)

"டாக்னிக்குப் பேச்சு திக்கும், பாவம்..." (அந்தப் 'பாவ'த்தை யார் கேட்டார்கள்?)

சரி, நேராகவே வருகிறேன். டாக்னிக்குப் பதினேழு வயது. பேச்சு திக்கும். போன வருடமும் இதே முகாமுக்கு வந்தாள். 'குழுவோடு பேசிக் கலக்கவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அவள் கேட்டிருந்த பராகுவே நாட்டுக்குப் போவதென்றால் இந்த முறைதான், இல்லையென்றால் இல்லவே இல்லை.

காரில் கொண்டுவந்து விட்ட அப்பா, "முடியலைன்னா ஒரு போன் போடும்மா, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"போ... போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்றாள். படுக்கைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

3.

அடுத்து மால்தே. சக போட்டியாளன். அவனை வில்லனாக்கத்தான் கொண்டுவந்தேன், பயல் மசியவில்லை. ரை தானிய ரொட்டியில் மேசையில் இருந்த எல்லோருக்கும் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் தன் தட்டைத் தொட்டான். அவ்வளவு நல்லவன். வினையே அங்கேதான்.

சனிக்கிழமை குழுப்பயிற்சி. படகு மூழ்குகிறது, பாரத்தைக் குறைக்க எதைத் தூக்கி எறிவது என்று எல்லோரும் பேசி முடிவெடுக்க வேண்டும். தேர்வாளர்கள் மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள்.

"ரே... ரேடியோவை..." என்று தொடங்கினாள் டாக்னி.

"வச்சுக்கணும்ங்கிறா. சரிதானே?" என்றான் மால்தே, அன்பாக.

எல்லோரும் தலையாட்டினார்கள். மூத்த தேர்வாளர் பிர்கித்தே ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு டாக்னி எதைத் தொடங்கினாலும் யாராவது முடித்துவைத்தார்கள். பாருங்கள், இப்படிப்பட்ட முகாமில் உதவி செய்வதற்கே அடிதடி. மேசை துடைக்க மூன்று பேர், பாத்திரம் கழுவ ஐந்து பேர். அவளுடைய வாக்கியமும் கழுவ வேண்டிய தட்டாகிப்போனது.

(இங்கே ஒரு பக்கம் கிழித்துவிட்டேன். அதில் அவள் கழிப்பறையில் போய் அழுதாள். கைக்குட்டையை நீட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன். அழ மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.)

அழாமல் என்ன செய்தாள்? சமையலறையில் மால்தேக்குப் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்தாள்.

"ரேடியோவைத் தூ... தூக்கிப் போடணும்னுதான் சொல்ல வந்தேன்."

மால்தே காதுவரை சிவந்தான். "உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான்..."

"உ... உன் மார்க்குக்கு நல்ல உதவி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வாயையே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யப் போனான்.

"தி... திற. உன் பேச்சுக்கு மட்டும் திற" என்று ஈரத் துண்டை அவன் கையில் திணித்தாள்.

4.

ஞாயிறு காலை, தனி நேர்காணல். பிர்கித்தேயும் இன்னும் இரண்டு தேர்வாளர்களும் இருந்தார்கள். பிர்கித்தே ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேசைமேல் நகர்த்தினார்.

"சிரமமா இருந்தா எழுதிக் காட்டும்மா. ஒண்ணும் குறைஞ்சிடாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். டாக்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைத் தள்ளிவிட்டாள். நான் பார்த்த அரை நிமிடம் இதுதான். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள், என் கையிலும் பாத்திரம் சுட்டது.

"எ... எழுத மாட்டேன். பேசுறேன். நேரம் ஆகும். இ... இருங்க."

பிர்கித்தே பேனாவை மூடினார். "சரி. ஏன் போகணும்னு நினைக்கிற?"

5.

இந்தக் கேள்விக்கு என்னிடம் அட்டகாசமான பதில் இருந்தது. 'புது மொழியில எல்லாருமே திக்குவாங்க. அங்கே நானும் மத்தவங்களும் ஒண்ணு.' எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் படித்தால் திக்கென்றது. நான் செய்திருப்பது அச்சு அசல் மால்தேயின் வேலை. அடித்துவிட்டேன்.

தேர்வாகி, அப்பா கார் ஓட்டிக்கொண்டே அழுகிற முடிவும் இருந்தது. அதையும் அடித்துவிட்டேன். தேர்வாகாத முடிவை எழுதத் தொடங்கி "அந்தக் கடிதம்..." என்பதோடு பேனாவை வைத்துவிட்டேன்.

இப்போது அறையில் அவர்கள் நால்வர்தான். பொறுக்க முடியாமல் பிர்கித்தேயின் உதடு அசைகிறது. டாக்னி கையை லேசாக உயர்த்துகிறாள். பிர்கித்தே அடங்கிவிடுகிறார்.

"நா... நான் போறது எ... எதுக்குன்னா..."

உங்களுக்கும் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்திருக்கும். வெளியே விடாதீர்கள். பேசாமல் என் பக்கத்தில் உட்காருங்கள். உருளைக்கிழங்கு ஆறினால் ஆறட்டும், அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.