பேச்சிமுத்து மெட்டு

கொழும்பு ஓட்டலில் ஜாஸ் வாசித்த அமெரிக்கக் கறுப்பர்களிடம் மாடக்கண்ணு கிளாரினெட்டை மட்டும் கற்கவில்லை, அவர்கள் வழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டான். தங்கள் இனத்துக்காகப் போராடுகிற தலைவருக்கு அவர்கள் ஒரு மெட்டுக் கட்டி முழக்குவார்கள். இவனும் ஊர் திரும்பியதும் பேச்சிமுத்துவுக்கு ஒன்று கட்டினான். சேரி ஜனங்களைப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்த மனுஷன் அவர். கட்டாமல் இருக்க முடியுமா?

கிணற்று வழக்கில் போலீஸ் தேட, பேச்சிமுத்து குற்றாலத்து மலையில் ஒளிந்திருந்தார். அந்தத் துள்ளல் மெட்டுக் கேட்டால் ஆபத்தில்லை, இறங்கி வரலாம் என்று ஏற்பாடு.

முப்பத்தொன்பதாம் வருஷத்துச் சாரலில், மலையடிவாரத்துப் பங்களாவில் பண்ணையார் நமசிவாயம் விருந்து வைத்து, மாடக்கண்ணுவின் பேண்டு செட்டைக் கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் சாதா உடுப்பில் இன்ஸ்பெக்டர். பண்ணையார் மாடக்கண்ணுவைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஏலே, பேச்சிமுத்து மெட்டை வாசி. நல்லாருக்குன்னு சொல்லுதாங்க."

"ஊதுற ரீடு பொளந்துபோச்சு எசமான்."

"பெட்டியில வேற இருக்கும். எடுத்து மாட்டு."

எந்தப் பாவியோ துப்புக் கொடுத்திருக்கிறான், அவன் நாசமாய்ப் போக. தடியோடு ஆட்கள் நெருங்கினார்கள். வேறு மெட்டு வாசித்தால் பண்ணையாருக்குத் தெரிந்துவிடும்.

கொழும்பில் கறுப்பர்கள் துள்ளுகிற பாட்டையே இழுத்து, சுரத்தை வளைத்து ஒப்பாரியாக்குவார்கள். அப்படி வாசித்தால், இங்கே ஏதோ விபரீதம் என்று பேச்சிமுத்துவுக்கு விளங்கும், வரமாட்டார். மாடக்கண்ணு இழுத்து இழுத்து வாசித்தான். பண்ணையார் முகம் சுளித்தார். ஆனால் மெட்டு அதேதான், குறை சொல்ல வழியில்லை.

அவன் மூச்சு விடுவதற்குள் பக்கத்துச் சேரியில் கூக்குரல் எழுந்தது. பேச்சிமுத்துவின் மெட்டு சாவு மெட்டாகக் கேட்டதும், அவரே செத்துப்போனார் என்று பெண்கள் மாரிலடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

மாடக்கண்ணு கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தான். சேரியில் சாவு என்றால் பாடைக்கு முதல் தோள் கொடுக்கிறவர் பேச்சிமுத்து. இந்த அழுகையைக் கேட்டு அவர் மலையில் உட்கார்ந்திருப்பாரா?

"யாரும் சாவல தாயி, நிப்பாட்டுங்க" என்று கத்தினான். அத்தனை பேர் ஒப்பாரியில் ஒற்றைத் தொண்டை எடுபடவில்லை. கடவுளே, அவர் காதை அடைத்துவிடு என்று வேண்டிக்கொண்டான்.

மலைப்பாதையில் ஒருவர் ஓடி வந்தார், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியபடி. பங்களா வாசலில் போலீஸ் வளைத்துப் பிடித்தது. அவர் போலீசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏலே மாடக்கண்ணு, யாருலே போயிட்டா? சொல்லுலே, நம்மள்ல யாரு போயிட்டா?"