விஞ்சு எதை இழுக்குது

“அம்மா, அந்த விஞ்சு நங்கூரத்தை இழுக்குதா, போட்டை இழுக்குதா?”

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், ஒரு படகில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் விஞ்சைப் பார்த்தபடி சுவேதா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மகாலட்சுமிக்குப் பதில் தெரியவில்லை. பாகூர் கடைத்தெருவில் போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுபவள் அவள். படகுகளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அன்று அவள் துறைமுகத்துக்குப் போனது ஒரு மழைக்கோட்டை உரியவரிடம் சேர்க்க.

தென்பெண்ணை வெள்ளம் அவர்கள் ஊரான குருவிநத்தத்துக்குள் புகுந்த நாளில், மீனவர்கள் படகு கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். காய்ச்சலில் நடுங்கிய சுவேதாவைக் கண்டதும், தாடையில் தழும்புள்ள ஒருவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டார். பிறகு அடுத்த தெருவுக்கு மழையில் நனைந்தபடியே போய்விட்டார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. துறைமுகத்தில் எவ்வளவோ தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கையில், அவரே கடைக்கு வந்தார். கருகிய மோட்டார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, படகு முதலாளி தங்கவேலின் பின்னால்.

“நங்கூர விஞ்சு மோட்டாரும்மா. தடைக்கு முன்ன ஒருவாட்டி கருகிச்சி, நேத்து ட்ரயல் பாக்கசொல்ல மறுபடியும். எல்லாம் இந்தப் பக்கிரி கை. சீசனுக்கு வேற ஆள் பாத்துட்டேன்” என்றார் தங்கவேல்.

“நீ சொன்ன மாதிரிதானேண்ணே சுவிட்ச அமுக்கினேன்” என்றார் பக்கிரி. அவருக்கு மகாலட்சுமியை அடையாளம் தெரியவில்லை.

“ஆமா, அமுக்கின கைய எடுத்தா இன்னா, முத்தா உதிர்ந்துடும்?” தங்கவேல் அவளிடம் திரும்பினார். “நெல்லுக்குத் தண்ணி எறைக்கற மோட்டாருன்னு நெனச்சிடாத. ஒன்னால ஆவுமா?”

“வயலா கடலான்னு செம்புக்குத் தெரியுமாண்ணே? காயில் கட்டி நானே வந்து மாட்றேன். ஓட்டிப் பாத்துட்டுத்தான் எறங்குவேன்.”

வெள்ளத்தைச் சொல்லி பக்கிரிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் தவறு அவர் கையில்தான் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். பொய்யால் நன்றிக்கடன் தீராது. பாகூர்க் கோயில் மூலநாதரை நினைத்துக்கொண்டு காயில் கட்ட உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை மகாலட்சுமி மோட்டாரை மாட்டிவிட்டுத் தானும் உடன் வர, படகு முகத்துவாரம் தாண்டி நங்கூரம் போட்டது. பக்கிரி சுவிட்சை அமுக்கினார். சங்கிலி விறைத்தது. மோட்டார் முனகியது. அலையை எதிர்த்து, படகு முழுவதும் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்தது.

சுவேதாவின் பழைய கேள்வி மகாலட்சுமியின் காதில் ஒலித்தது.

“நிறுத்துங்க! இன்ஜின் ஏன் ஓடல?”

“நங்கூரம் தூக்கத்தான் விஞ்சு இருக்கே. டீசல் எதுக்கு வீணா?” என்றார் தங்கவேல்.

மகாலட்சுமி அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அண்ணே, இது சங்கிலியையும் நங்கூரத்தையும் தூக்கற மோட்டாரு. நீங்க மொத்த போட்டையே இழுக்கச் சொல்றீங்க. எத்தினி வாட்டி கட்டினாலும் கருகத்தான் செய்யும்.”

தங்கவேல் போய் இன்ஜினைப் போட்டார். படகு மெல்ல முன்னேறி நங்கூரத்துக்கு நேர் மேலே வந்தது. சங்கிலி தளர்ந்து செங்குத்தாகத் தொங்கியது. பக்கிரி சுவிட்சைக் கொஞ்சம் அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். மோட்டார் முனகவில்லை. சங்கிலி கலகலவென்று பெட்டிக்குள் இறங்க, சேறு வழிய நங்கூரம் மேலே வந்தது. மகாலட்சுமி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடுதான். தான் கட்டிய காயில் கடலில் ஓடியதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“நங்கூரம் சேத்துல மாட்டிக்கினா?” என்று கேட்டார் பக்கிரி.

“சங்கிலிய போட்டு முனையில இருக்கற கட்டையில கட்டிட்டு இன்ஜினால பிடுங்குங்கண்ணே. விஞ்சைப் படுத்தாதீங்க. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி கிரீஸ் வைங்க.”

தங்கவேல் தொண்டையைச் செருமினார். “யோவ் பக்கிரி, ஒன் கை சுத்தம்யா. இன்ஜின நிறுத்தச் சொன்னவன் நான்தான். நாளைக்கு விடிய வந்துடு, நீதான் விஞ்சுக்கு.”

பக்கிரி சங்கிலிப் பெட்டியின் மூடியை இரண்டு முறை துடைத்தார்.

துறைமுகத்தில் இருவரும் நல்ல தண்ணீர் கொண்டுவர இறங்கினார்கள். படகில் மகாலட்சுமி மட்டும் இருந்தாள். கேபின் ஆணியில் பக்கிரியின் சட்டை தொங்கியது. கருவிப் பையின் அடியிலிருந்து, துவைத்து மடித்த மஞ்சள் மழைக்கோட்டை எடுத்தாள். கிழிந்திருந்த கைப்பகுதியை முந்தின இரவே தைத்திருந்தாள். அதை அந்தச் சட்டைக்கு அடியில் மாட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பாகூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.